கொதிக்கும் சத்தம்

என் அண்ணனுக்குக் கண்ணைவிடக் காதில்தான் நம்பிக்கை. ஆரணி பஸ் ஸ்டாண்டு பக்கம் பேட்டரி கடை வைத்திருந்தான். சார்ஜில் போட்ட பேட்டரியின் மூடியைத் திறந்து காதை வைத்துக் கேட்பான். உள்ளே ஆசிட் கொதிக்கிற சத்தம் வந்தால்தான் அவனுக்கு ஃபுல் சார்ஜ். மீட்டரெல்லாம் பொய் சொல்லும் என்பான். சேவூர் டிராக்டர்காரர்கள்கூட அந்தக் காதை நம்பித்தான் வந்தார்கள்.

அப்பா காலமெல்லாம் பட்டு நூலுக்குச் சாயம் போட்டவர். சாயத் தொட்டியின் ஆவியெல்லாம் நெஞ்சில் தங்கி, ஆக்சிஜன் மெஷின் இல்லாமல் மூச்சுவிட முடியாது என்கிற நிலைக்கு வந்துவிட்டார். இரண்டாயிரத்து எட்டு, ஒன்பது வாக்கில் தினமும் கரண்ட் கட். இன்வெர்ட்டர் பேட்டரி பழசாகி நடுவிலேயே படுத்துவிடும். அப்போதெல்லாம் வாடகைக்கு எடுத்த சிலிண்டர்தான் காப்பாற்றியது. அந்தச் சிலிண்டரைக் கண்டாலே அப்பாவுக்கு ஆகாது. ஆஸ்பத்திரியை வீட்டுக்குள் கொண்டுவந்துவிட்டீர்கள் என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

அதற்காகவே அண்ணன் சென்னையில் ஒரு பழைய சாமான் கடையிலிருந்து ஹைபிரிட் கார் பேட்டரி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தான். பெட்ரோலிலும் பேட்டரியிலும் ஓடுகிற காராம். எங்கள் தெருவில் யாரும் பார்த்ததில்லை. உள்ளே தட்டை தட்டையாகச் செல்கள், எல்லாம் அரை உயிர். சார்ஜை முழுசாக இறக்கி, முழுசாக ஏற்றி, மறுபடி இறக்கி ஏற்றினால் தேறிவிடும் என்று சொல்லி, கடைக்காரர் ஒரு சார்ஜரும் கொடுத்திருந்தார். செல்லின் வகை என்ன, எவ்வளவு கரண்ட், எதில் நிறுத்த வேண்டும் என்று எல்லாவற்றையும் பட்டனை அமுக்கி அமைக்க வேண்டும். கூட வந்த ஆங்கிலத் தாளை நான்தான் படித்துச் சொன்னேன். செல் நிறைந்ததும் சார்ஜரே நின்றுவிடும். அதற்குமேல் ஏற்றினால் சூடாகிச் செத்துப்போகும்.

சார்ஜர் நின்றது. அண்ணன் செல்லின்மேல் காதை வைத்தான். சீல் போட்ட செல்லில் என்ன கேட்கும்?

"இன்னும் கொதிக்கவே இல்ல, அதுக்குள்ள நின்னுகினா எப்படி? இதுவா ஃபுல்லு?"

தானாக நிற்கிற அமைப்பை எடுத்துவிட்டு மேலே மேலே ஏற்றினான். நான் தாளைக் காட்டிக் கத்தினேன். பேட்டரிக்கும் சேர்த்துத்தான் பி.காம் படித்தாயா என்று சிரித்தான். அலட்சியம் என்று சொல்ல மாட்டேன், கடையைச் சாத்திவிட்டு சோறு தண்ணி இல்லாமல் அதன் முன்னாலேயே கிடந்தான். செல்கள் சூடேறி வயிறு உப்பின. பலகை கொடுத்துக் கயிற்றால் இறுக்கிக் கட்டினான். கடைசியில் ஒரு செல்லுக்குள்ளிருந்து லேசாகச் சீறுகிற சத்தம் வந்தது. செல் வெடிக்காமலிருக்க உள்ளே இருப்பதைக் கக்குகிற சத்தம் அது. அவன் அதைக் கொதி என்று எடுத்துக்கொண்டான். அப்போது மலர்ந்த அவன் முகத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

பல்பு மாட்டிப் பார்த்தான். பளிச்சென்று எரிந்தது. அன்றைக்கே பழைய பேட்டரியைக் கழற்றி இதை இன்வெர்ட்டரில் மாட்டிவிட்டு, சிலிண்டரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தான். அப்பா சந்தோஷமாக இன்னொரு இட்லி கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

மறுநாள் காலையில் கரண்ட் போனது. பல்பு இழுக்கிற கரண்ட் வேறு, மெஷின் இழுக்கிறது வேறு. மெஷின் கொஞ்ச நேரம் ஓடி, இழுத்து இழுத்து, நின்றுவிட்டது. அண்ணன் வயரை மாற்றி மாற்றிச் சொருகினான். நான் எதிர்வீட்டுக்காரரைச் சிலிண்டருக்கு விரட்டினேன். அப்பாவின் உதடு நீலம் பாய்ந்துகொண்டு வந்தது. அவர் அண்ணனின் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டார்.

"பதறாதடா. கரண்டு வந்துடும்."

வந்தது. அதற்குள் அப்பா போய்விட்டிருந்தார். மெஷின் தானாகவே ஓட ஆரம்பித்து, குழாய் வழியாக அவர் மூக்கில் காற்று விட்டுக்கொண்டிருந்தது. நான் நிறுத்தப் போனேன். அண்ணன் என் கையைத் தட்டிவிட்டான். குளிப்பாட்ட ஆட்கள் வந்து நிற்கிற வரைக்கும் யாரையும் அவன் அந்த சுவிட்சைத் தொட விடவில்லை.