நாலு கை வரைந்த தீப்பெட்டி

முன்னறையிலிருந்து கலகலவென்று ஒரு சத்தம். அடுப்பிலிருந்து பாலை இறக்கிக்கொண்டிருந்த தேவகி திடுக்கிட்டாள். தீப்பெட்டிக்குள் குன்றிமணி உருளுகிற சத்தம் அது. வந்தவர் பெட்டிகளில் கை வைத்துவிட்டார்!

வந்திருந்தவர் பஞ்சாட்சரம். அவள் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்தின் கமிட்டித் தலைவர். பெருநகர் கிராமத்தில் பெரிய நிலக்காரர். அவர் சட்டைப்பையில் ஒரு மடித்த காகிதம் நீட்டிக்கொண்டிருந்ததை அவள் பார்த்துவிட்டாள். ஜூன் மாதத்திலிருந்து வேலை இல்லை என்று கடிதம் தயாராகிறது என்பதைப் பள்ளிக் குமாஸ்தா நேற்றே காதில் போட்டிருந்தார்.

அந்தக் காகிதத்தை நினைத்ததும் அவள் கண்ணில் வந்து நின்றது அம்மா செங்கேணியின் கால்கள்தான். சேற்றிலேயே ஊறி விரலிடுக்கெல்லாம் வெடித்துப்போன கால்கள். இதே பஞ்சாட்சரத்தின் வயலில் நாற்று நட்டுத்தான் செங்கேணி மகளைப் படிக்க வைத்தாள். மகளோ வரப்பில் உட்கார்ந்து, நண்டு ஏன் பக்கவாட்டில் ஓடுகிறது, தவளைக்கு ஏன் வால் உதிர்கிறது என்று கேட்டு நடவுக்காரிகளின் உயிரை வாங்கிய பிள்ளை. ஊர் சிரித்தது. செங்கேணி சிரிக்கவில்லை. செங்கற்பட்டு விடுதியில் சேர்த்துவிட்டு, திரும்பும் வழியெல்லாம் அழுதுகொண்டே போனாள். 1959இல் வேலை கிடைத்தபோது தேவகி அவள் கையில் அடித்துச் சத்தியம் செய்தாள்: "இன்னும் ரெண்டே வருஷம். அப்புறம் நீ சேத்துல எறங்கக் கூடாது."

அந்த இரண்டு வருஷம் இந்த ஏப்ரலோடு முடிகிறது. வேலையும் முடிந்துவிடுமா?

பள்ளியில் இருந்த தனிம அட்டவணைப் படத்தைக் கரையான் பாதி தின்றுவிட்டது. தேவகி பதினான்கு காலித் தீப்பெட்டிகளைச் சேர்த்தாள். ஒரு பெட்டி, ஒரு தனிமம். அதன் அணு எடை எத்தனையோ அத்தனை குன்றிமணி உள்ளே. அது மற்ற அணுக்களை எத்தனை கையால் பிடித்துக்கொள்ளுமோ அத்தனை கை மேலே மையால் வரைந்திருக்கும். ஒன்பதாம் வகுப்புப் பெண்கள் தட்டார் தராசில் நிறுத்து அவற்றை வரிசையாக அடுக்குவார்கள். அதுதான் புகாராகியிருந்தது. நாளைப் பாடத்துக்காகப் பெட்டிகளும் தராசும் இப்போது அவள் வீட்டு முன்னறையில் இருந்தன.

காபியோடு அவள் வந்ததும் பஞ்சாட்சரம் உறுமினார். "பாடம் நடத்தச் சொன்னா, பொண்ணுங்கள வெச்சிக்கினு தீப்பொட்டி ஆட்றியாமே, டீச்சரம்மா?"

உறுமினாரே தவிர, கை தராசை விடவில்லை. ஒரு கைப் பெட்டிகளைத் தனியாக, இரண்டு கைப் பெட்டிகளைத் தனியாக, விதை நெல்லை ரகம் பிரிப்பதுபோலக் குவித்திருந்தார்.

"எடை கம்மியானதுலேர்ந்து வரிசையா வெச்சிப் பாருங்கய்யா" என்றாள் தேவகி.

வைத்தார். ஒரு கை, இரண்டு, மூன்று, நான்கு. பிறகு மூன்று, இரண்டு, ஒன்று. மறுபடியும் ஒன்று, இரண்டு...

"இன்னாது இது! ஏரிக்கரை மேல ஏறி எறங்கறாப்ல கீது!" சட்டென்று நிறுத்தினார். "மூணு. அப்பால திரும்பவும் மூணு. ரெண்டாவது கரைக்கு உச்சியக் காணோமே?" எண்ணினார். "பதிமூணுதான் கீது. எவளோ திருடிக்கினு பூட்டா! இதான் நீ குடுக்கற படிப்பா?"

"ஐயோ, திருட்டு இல்லைங்க. நான்தான் ஒளிச்சி வெச்சேன். ஒவ்வொரு தடவையும் ஒண்ண ஒளிப்பேன். அது எப்டி இருக்கும்னு பொண்ணுங்க பாக்காமலே சொல்லணும்."

"பாக்காம சொல்றதுக்கு நான் இன்னா ஜோசியனா?"

"அக்கம்பக்கத்துல இருக்கறதப் பாருங்க. அதுங்களே சொல்லும்."

முதல் ஏழின் கீழே அடுத்த ஆறையும் கைக்குக் கை பார்த்து வைத்தார். நாலு கைப் பெட்டிக்குக் கீழே ஒரு காலி இடம். அதன் இரண்டு பக்கத்துப் பெட்டிகளையும் திறந்து மணிகளை எண்ணினார். இருபத்தேழு. முப்பத்தொன்று. நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

"நாலு கை இருக்கும். மணி... இருபத்தெட்டு. மிஞ்சினா முப்பது. போய் எடுத்துக்கினு வா!"

மிளகாய்த்தூள் டப்பாவுக்குப் பின்னாலிருந்து அவள் எடுத்து வந்தாள். மேலே நாலு கை. உள்ளே இருபத்தெட்டு. அவர் நம்பாமல் இன்னொரு தரம் எண்ணினார்.

"இது பேரு இன்னா?"

"சிலிகன். செய்யாத்து மணல்ல இருக்கறது இதுதாங்க."

"மணலா! வண்டி வண்டியா அடிச்சிக்கினு கீறேன், அதுக்கு நாலு கைன்னு ஒரு பையனும் சொல்லலியே!" என்று தொடையில் தட்டிச் சிரித்தவர், சட்டைப்பையில் காகிதம் உரசியதும் அடங்கினார்.

தேவகி அந்தக் காகிதத்தையே பார்த்தாள். "ஐயா, அந்த லெட்டர்..."

"வியாயக்கெயம கமிட்டி கூடுது. இதுங்களத் தூக்கிக்கினு வா. மத்தவங்களும் ஒக்காந்து தேடட்டும். கண்டுபுடிச்சாங்கன்னா லெட்டர நானே கிழிச்சிடறேன். இல்லாங்காட்டி..." முடிக்காமல் எழுந்தார்.

"அந்தப் பெட்டி?"

"இது எங்கிட்ட இருக்கட்டும். இந்த வாட்டி ஒளிக்கறவன் நானு."

கடிதம் இருந்த பையிலேயே பெட்டியையும் போட்டுக்கொண்டார். காபி தொடாமலே ஆறிப்போயிருந்தது. தன் வயலில் நாற்று நட்டவள் வீட்டில் அவர் வாய் நனைக்க மாட்டார் என்பது அவள் எதிர்பார்த்ததுதான்.

அவர் தெருவில் நடக்க நடக்க, பெட்டி கடிதத்தோடு உரச, இருபத்தெட்டு குன்றிமணியும் குலுங்கின. சத்தம் தேயும்வரை நிலைப்படியில் நின்றிருந்துவிட்டு, தேவகி கதவைச் சாத்தினாள்.