ஒரே இடத்தில் இரண்டு உரிமங்கள்

பாளையங்கோட்டையில் நாங்கள் வேலை பார்த்த கம்ப்யூட்டர் சென்டருக்கு, சபீதா மேலப்பாளையத்திலிருந்து பஸ் ஏறிப் பாடம் நடத்த வருவாள். தமிழ்ச் சொற்களை அகர வரிசையில் அடுக்கும் நிரல் ஒன்றை அவளே எழுதியிருந்தாள். யாரும் எடுத்து எதற்கும் பயன்படுத்தலாம், தன் பெயரை மட்டும் நீக்கக் கூடாது என்பது அதன் உரிமம். மூத்த ஆசிரியர் குமரகுருபரன் எழுதியது தமிழ்த் தட்டச்சு நிரல். அதை மாற்றி வெளியிடுகிறவர், மாற்றியதையும் எல்லோருக்கும் திறந்து கொடுக்க வேண்டும் என்பது அவர் உரிமம்.

தொண்ணூற்றொன்பது டிசம்பரில், இப்படிப்பட்ட நிரல்களை வைத்துக்கொள்ள ஒரு வெளிநாட்டு இணையதளம் இலவசமாக இடம் தந்தது. இரண்டையும் சேர்த்தே வைப்போம் என்று முடிவானது. விண்ணப்பத்தை நிரப்ப உட்கார்ந்தவன் நான். உரிமம் எது என்ற இடத்தில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடிந்தது.

“என்னோடதப் போடுலே மணிராஜ்,” என்றார் குமரகுருபரன். “இல்லன்னா எவனாவது கம்பெனிக்காரன் எடுத்துப் பூட்டி வச்சு, நமக்கே வித்துருவான்.”

“விக்கட்டும் சார்,” என்றாள் சபீதா. “துபாய்ல எங்க காக்கா ஆபீஸ்ல அவங்க நிரல வெளிய திறந்து காட்ட மாட்டாங்க. உங்க உரிமத்தப் போட்டா தொடவே மாட்டாங்க. அங்கன தமிழ்ப் பேரு ஒழுங்கா வரிசையில வரணும்னுதான் எழுதுனதே.”

“அண்ணனுக்காக ஊரையே தூக்கிக் குடுப்பியாம்மா?”

“உங்க வீட்டப் பூட்டுங்க சார். என் வீட்டையும் எதுக்குப் பூட்டுதீங்க?”

இருவர் சொன்னதும் எனக்குச் சரியாகவே பட்டது. எங்கள் குடும்பத்தில் முதலில் பட்டம் வாங்கியவன் நான். கேள்விக்கு ஒரு விடைதான் என்று படித்தே தேறியிருந்தேன். விரல் எதன் மேலும் இறங்கவில்லை.

சபீதா திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். “எங்க பள்ளிவாசல்ல கல்யாணச் சோறு ஆக்க எடுக்கிற தேக்சாவெல்லாம் ஒரே ரூம்லதான் கிடக்கு. ஒண்ணுல, எடுத்தவங்க ஈயம் பூசித்தான் திருப்பணும்னு வெட்டியிருக்கு. எங்க வாப்பா குடுத்ததுல பேரு மட்டும்தான். ரூம் ஒண்ணுங்கதுக்காக எல்லாத்துக்குமா ஈயம் பூசுதாங்க?”

“பிரியாணியில கொண்டு வந்து நிறுத்திட்டாளே,” என்று சிரித்தார் குமரகுருபரன். ஆனால் மறுக்கவில்லை.

பட்டியலின் அடியில் ‘பிற’ என்று ஒன்று இருந்தது. அதைத் தேர்ந்தெடுத்தால் காரணம் எழுத வேண்டும். இரண்டு நிரல்களும் தனித்தனி அடைவுகளில், அதாவது ஃபோல்டர்களில் இருக்கும், அவரவர் உரிமம் அந்தந்த அடைவுக்குள் இருக்கும் என்று எழுதி அனுப்பினேன். சம்மதித்து மின்னஞ்சல் வந்தது. சபீதாவின் நிரல் அவள் சொன்னபடியே ஏறியது. அன்றே காக்காவுக்கு முகவரியை அனுப்பினாள்.

பக்கத்தில் ஒரு தமிழ் எழுத்துருவில் அடித்ததை இன்னொன்றுக்கு மாற்ற நான் எழுதிய நிரலையும் வைத்தேன்.

“மணிராஜ், உங்களதுக்கு உரிமம் எங்க? எழுதாம விட்டா யாரும் எடுக்கக் கூடாதுன்னு அர்த்தம்லா,” என்றாள்.

தெரியும். யாருக்காக எழுதினேன் என்பதுதான் தெரியவில்லை. “நாளைக்குப் போடுதேன்,” என்றேன்.