இந்த மரம் முடியட்டும்

விடிவதற்கு முன் ஒரு காட்டுக்குள் இத்தனை பேர் வேலை செய்தும் மனிதக் குரலே கேட்காது என்றால் இலங்கை மலைநாட்டில் இருக்கும் நம்மவர்கள் நம்பமாட்டார்கள். நிக்கோபாரில் இந்தக் கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் அப்படித்தான். பட்டையில் கத்தி வழுக்கும் சத்தம், எங்கோ பால் பிடிக்கிற ஒரு சிரட்டை கம்பியில் உரசும் சத்தம், அவ்வளவுதான். முதல் நாள் யாரோ செத்துவிட்டார்கள் போலிருக்கிறது என்று நினைத்தேன். நம் தேயிலை மலையில் கொழுந்து பறிக்கிற பெண் ஒருத்தி வாயைத் திறந்தால் அடுத்த மலையில் இருப்பவள் பதில் சொல்வாள். மாமியார் சண்டை, கங்காணிக்கு ஏச்சு, கல்யாணப் பேச்சு எல்லாம் கொழுந்தோடு சேர்ந்து கூடையில் விழும். இங்கே ஆளுக்கு ஒரு மரத்தின் முன்னால் வாயை மூடிக்கொண்டு நிற்கிறார்கள்.

என் மனைவி ராக்கம்மா மஸ்கெலியாப் பக்கத்தில் பேர்போன கொழுந்துக்காரி. அவள் கைக்குக் கண்ணே வேண்டாம். வாய் ஒருத்தியோடு சண்டை போடும், கண் தேயிலைச் செடிகளுக்கு நடுவே விளையாடும் மகள் சரசுவின் மேல் இருக்கும், மனம் சாயங்காலக் கறிக்கு என்ன செய்வது என்று யோசிக்கும். கை மட்டும் தன்பாட்டில் பறித்துக்கொண்டே போகும். அதை யாரும் குறை என்று சொன்னதில்லை, சாமர்த்தியம் என்றுதான் சொன்னார்கள். நான் தேயிலை ஃபாக்டரியில் இருந்தேன். தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்புவரை படித்த திமிரில்தான் இதையும் எழுதுகிறேன்.

தேயிலை பொறுமைசாலி. தப்பாகக் கிள்ளினாலும் மறுபடி துளிர்க்கும். ரப்பர் அப்படியில்லை. பால் வெட்டுகிறவர் வெங்காயத் தோல் கனத்துக்குப் பட்டையைச் சீவ வேண்டும். கொஞ்சம் ஆழம் போனால் கத்தி உள்மரத்தைத் தொட்டுவிடும். தொட்ட இடம் முண்டும் முடிச்சுமாகக் கட்டிக்கொள்ளும், அங்கே அப்புறம் பால் வராது. காயப்படுத்துகிறவர்களைப் பால்வெட்டிலிருந்து எடுத்துப் புல்வெட்ட அனுப்பிவிடுவார்கள். அரிசிகூட மெயின்லேண்டிலிருந்து கப்பலில் வரும் தீவில் ஒருவர் சம்பளத்தில் குடும்பம் ஓடாது. ராக்கம்மாவின் மரங்கள் ஒவ்வொன்றாகக் காயப்பட ஆரம்பித்தன.

காரணம் எனக்குத் தெரியும். எந்த நாட்டுக் குடியுரிமை வேண்டும் என்று எழுதிப்போட்ட காலத்தில் நாங்கள் இந்தியா என்று எழுதினோம். சரசுவைக் கட்டிக்கொடுத்த வீட்டார் இலங்கை என்று எழுதினார்கள். இரண்டு தரப்புக்கும் கேட்டது கிடைத்தது. எங்கள் பரம்பரைக்கே அரசாங்கம் கேட்டதைக் கொடுத்தது அந்த ஒரு தடவைதான். அட்டன் ஸ்டேஷனில் ரயில் நகரும்வரை சரசு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள், ராக்கம்மா அவள் விரல்களைப் பிடித்துக்கொண்டிருந்தாள். இலங்கையில் எங்களை இந்தியாக்காரர்கள் என்றார்கள். மண்டபம் முகாமில் சிலோன்காரர்கள் என்றார்கள். இந்தத் தீவு ஆபீஸில் எங்களுக்கு ரெப்பாட்ரியேட், அதாவது தாயகம் திரும்பியவர், என்று பெயர். உண்மையில் தீவுக்குச் சொந்தக்காரர்களான நிக்கோபாரிகள் சிரித்த முகத்தோடு, எந்தக் கப்பலில் திரும்பிப் போவீர்கள் என்று கேட்கிறார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை, நியாயமான கேள்விதான்.

எங்கள் சூப்பர்வைசர் ஒரு மலையாளி. மலையாளத்தில் பேசினால் எங்களுக்குப் பாதியாவது புரியும். தீவு வழக்கப்படி ஹிந்தியில்தான் பேசுவார். ஒருநாள் ராக்கம்மாவின் மரத்தில் புதுக் காயத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, "ஏக் டைம் மே ஏக் காம். ஹாத் இதர், திமாக் உதர், ஐசா நஹி சலேகா" என்றார். ஒரு நேரத்தில் ஒரு வேலை, கை இங்கே மூளை அங்கே என்றால் ஆகாது என்று நான் அவளுக்குச் சொன்னேன். மூளை எங்கே போயிருக்கிறது என்று அவர் மறுபடி கேட்டார். அவள் மறைக்காமல், மஸ்கெலியா என்றாள். அவர் அதை ஏதோ காய்ச்சல் பெயர் என்று நினைத்துக்கொண்டு டிஸ்பென்சரிக்கு அனுப்பினார். அங்கே விரலில் குத்தி ரத்தம் எடுத்தார்கள். ரத்தத்தில் ஒன்றும் இல்லை என்றார்கள். சூப்பர்வைசர் கெட்ட மனிதர் அல்ல. இன்னும் ஒரு மாதம் பார்க்கிறேன், அதற்குப் பிறகு என் கையில் இல்லை என்று மட்டும் சொன்னார்.

அந்த மாதத்தில்தான் ராக்கம்மா தானாக ஒரு வழி கண்டுபிடித்தாள். செய்கிற வேலையை வாய்க்குள்ளேயே சொல்லிக்கொள்வது. காய்ந்த ஒட்டுப்பாலை உரி, கத்தியை வை, இழு, சிரட்டையைத் திருப்பு. வாய் அதையே சொல்லிக்கொண்டிருந்தால் சரசு உள்ளே வர இடமில்லை என்றாள். ஒரு மரத்தை முடித்து, ஒரு மூச்சு விட்டு, அதற்குப் பிறகுதான் அடுத்த மரத்தை நிமிர்ந்து பார்ப்பாள். காயங்கள் குறைந்தன, பிறகு நின்றே போயின. சூப்பர்வைசர் மற்றப் பெண்களைக் கூட்டி வந்து அவள் வெட்டிய பட்டையைக் காட்டினார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது.

ஆனால் அந்தப் பழக்கம் ரப்பர் காட்டோடு நிற்கவில்லை. அரிசி களையும்போது அரிசி களைவதைச் சொல்லிக்கொண்டாள். துணி துவைக்கும்போது நான் கூப்பிட்டால் காதில் விழாது. ஒரே நேரத்தில் பேசி, சமைத்து, ஏசி, சிரித்த பெண்பிள்ளை எங்கே போனாள் என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் என்று இருக்கக் கூடாது என்பார்கள். இவள் இரண்டு காலையும் எடுத்துச் சேற்றில் வைத்துக்கொண்டாள். சரசுவைப் பற்றி நான் பேச்செடுத்தால், வேலையாக இருக்கிறேன் என்பாள். எப்போதும் ஏதாவது வேலையாகத்தான் இருந்தாள்.

போன மாதம் கப்பலில் எங்கள் பழைய தோட்டத்துக் குடும்பம் ஒன்று வந்து இறங்கியது. மூட்டையை இறக்கக் கைகொடுக்கப் போன என்னை அந்த வீட்டு ஆள் ஓரமாகக் கூட்டிப்போய்ச் சொன்னார். பஞ்ச காலத்தில் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் அடுப்பெரிய வழியில்லாமல் பலர் வவுனியாப் பக்கம் பிழைக்கப் போனார்கள், சரசுவும் மருமகனும் போனார்கள். அங்கே காய்ச்சலில் சரசு இறந்துபோனாள். மருமகன் எங்கே என்று தெரியவில்லை. அவளை எங்கே புதைத்தார்கள் என்றும் தெரியவில்லை.

அங்கிருந்து நேரே ரப்பர் காட்டுக்கு நடந்தேன். வெட்டு முடிகிற நேரம். ராக்கம்மா முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். பக்கத்தில் போய் சரசுவின் பெயரைச் சொன்னேன். கத்தி நின்றது. அவள் திரும்பவில்லை.

"பேசாதீங்க. இந்த மரம் முடியட்டும்."

முடித்தாள். பால் கோடு பிடித்து இறங்கிச் சிரட்டையில் சொட்டியது. அடுத்த மரத்துக்குப் போனாள். அதற்கும் அடுத்ததற்குப் போனாள். செய்தியை வாயில் வைத்துக்கொண்டு நான் பின்னாலேயே போனேன். வரிசையின் கடைசி மரத்தில்தான் கத்தியைத் துடைத்தாள்.

"நல்ல சேதின்னா தோணித்துறையிலேருந்தே கத்திக்கிட்டு வந்திருப்பீங்க" என்றாள். "மழ பேஞ்சா வெட்டு இல்ல. அன்னைக்குச் சொல்லுங்க. இப்பச் சொன்னா நான் எல்லா மரத்தையும் காயப்படுத்திப்புடுவேன்."

அதற்குப் பிறகு வானம் வெளுத்தே கிடந்தது. லயத்தில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது, ஆனால் அவள் இன்னும் செய்தியைக் கேட்காததால் யாரும் துக்கம் கேட்க வரவில்லை. அவள் தினமும் பால் வெட்டப் போனாள். ஒரு மரத்திலும் கீறல் இல்லை. நான் வேலை பார்க்கும் புகைக்கூடத்தில் ரப்பர் ஷீட்டுகளைக் கருகவிட்டு ஏச்சு வாங்கினேன். மழை வரக் கூடாது என்று வேண்டிக்கொண்டேன், வந்து தொலையட்டும் என்றும் வேண்டிக்கொண்டேன்.

இன்று விடியற்காலை மழை பிடித்துக்கொண்டது. தென்மேற்கிலிருந்து வருகிற பருவமழை, இங்கே தொட்டுவிட்டுச் சில நாளில் இலங்கையிலும் இறங்கிவிடும். ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு யாரும் போகவில்லை. ராக்கம்மா பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்தாள். அடுப்பை அணைத்தாள். ரப்பர் காட்டைப் பார்த்திருக்கும் கதவைச் சாத்தினாள். கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு என் முன்னால் வந்து உட்கார்ந்து, இரண்டு உள்ளங்கைகளையும் மடியில் விரித்து வைத்துக்கொண்டாள்.

"இப்பச் சொல்லுங்க" என்றாள்.