வலது காலால மட்டும் மிதிங்க அக்கா

1. ஒற்றைச் செருப்பு

பிசியோதெரபி முடித்து நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், எனக்கென்று அனுப்பப்பட்ட முதல் பேஷண்ட் ஒரு காலில் மட்டும் செருப்போடு உள்ளே வந்தார். வருடம் 2008. சிதம்பரத்தில், பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு சின்ன கிளினிக்.

"அக்கா, வலது கால் செருப்பு எங்க?"

"எங்க போவும்? காலுலதான் இருக்கு." குனிந்து பார்த்தார். "அல்லா! ஆட்டோவுலயே உழுந்துடுச்சு போல."

அவர் சிரித்தார், நானும் சிரித்தேன். பிறகு எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. செருப்பு கழன்று விழுந்ததே தெரியாத கால் அது.

அவர் பெயர் ஜமீலா. பரங்கிப்பேட்டையில் தையல் கடை வைத்திருந்தார். இடுப்பில் டிஸ்க் பிதுங்கி நரம்பை அழுத்தியதால் புதுச்சேரியில் ஆபரேஷன் நடந்திருந்தது. வலி போய்விட்டது. ஆனால் முழங்காலுக்குக் கீழே வெளிப்பக்கமும் பாதத்தின் மேற்பக்கமும் மரத்துக் கிடந்தன. கட்டை விரலைத் தூக்க வரவில்லை. நடந்தால் பாதம் தொங்கித் தரையில் இழுபட்டது. இதை நாங்கள் ஃபுட் டிராப் என்போம்.

கிளினிக் நடத்திய சார் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "நரம்பு மேல இருந்த அழுத்தத்த எடுத்தாச்சு. ஆனா அது முழிச்சிக்க நாளாவும். எவ்வளவு வரும்னு யாரும் சொல்ல முடியாது. நீ பாட்டுக்கு அவுங்ககிட்ட டெக்ஸ்ட்புக்க ஒப்பிக்காத."

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். கடலூர் சோனாங்குப்பத்தில் அப்பா படகுக்குப் போகிறவர். அம்மா, மீன் வாங்க வருகிறவர்களிடம் எல்லாம் "எம் பொண்ணு காலு டாக்டரு" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அப்படிப்பட்ட என்னால் டெக்ஸ்ட்புக்கை ஒப்பிக்காமல் இருப்பது கொஞ்சம் கஷ்டம்தான்.

2. பாவம்

தசையை மின்சாரத்தால் தூண்டும் ஸ்டிமுலேட்டர் வைத்தோம். ரப்பர் பேண்டை மாட்டிப் பாதத்தை இழுக்க வைத்தோம். நடக்கும்போது பாதம் தொங்காமலிருக்க ஸ்பிளிண்ட் கொடுத்தோம். கால் மெதுவாக அசையத் தொடங்கியது. ஆனால் ஜமீலா அக்காவின் முகம்தான் நாளுக்கு நாள் வாடியது.

ஒரு நாள் ரப்பர் பேண்டைத் தூக்கிக் கட்டிலில் போட்டார்.

"தைக்கக் குடுத்த துணியெல்லாம் திருப்பி வாங்கிட்டுப் போறாளுங்கம்மா. 'பாவம் லாத்தா, நீங்க ரெஸ்ட் எடுங்க'ன்னு சொல்லிட்டு. திட்டிட்டுப் போனாக்கூட பரவால்ல. பாவம்னுட்டுப் போறாளுங்க!"

அவர் ஊர்ப் பெண்கள் அக்காவை லாத்தா என்பார்கள். சவூதியில் வேலை செய்த கணவரை அவர் மச்சான் என்றுதான் சொல்வார். "மச்சான் போன்ல, 'மெஷினுக்கு மோட்டார் போட்டுக்க, இல்லாட்டி கடைய மூடு'ங்குறாரு. கரண்டு இருந்தாத்தானம்மா மோட்டாரு? நோம்புப் பெருநாளைக்குள்ள நான் மெஷின்ல உக்காரணும். இல்லேன்னா எல்லாரும் வேற கடைக்குப் பழகிடுவாளுங்க."

"மெஷின எப்படி மிதிப்பீங்க, காட்டுங்க" என்றேன். கட்டிலில் உட்கார்ந்தபடியே பாதத்தை முன்னும் பின்னும் ஆட்டிக் காட்டினார். அன்றாடம் நான் அவரைக் கெஞ்சிச் செய்யச் சொன்ன அதே அசைவு!

சாரிடம் ஓடினேன். உட்கார சர்ஜன் ஏற்கெனவே அனுமதி கொடுத்திருந்தார். "கொஞ்ச நேரம் உக்காரணும், எழுந்து நடக்கணும், குனியக் கூடாது. நீ கூட இருக்கணும்" என்றார் சார்.

3. பேப்பர் தையல்

கடையில் முதுகு சாய்கிற நாற்காலியைப் போட்டோம். ஜமீலா அக்கா சக்கரத்தைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு மிதித்தார். மெஷின் கடகடவென்று ஓடியது. வலது பாதம் அழகாக ஏறி இறங்கியது.

"பாத்தியாம்மா! இதுக்குப் போயி கட்டில்ல படுக்க வச்சியே!"

நான் தரையில் உட்கார்ந்து மேசைக்கு அடியில் பார்த்தேன். மிதித்தது இடது கால். வலது கால் ஓசியில் ஊஞ்சலாடிக்கொண்டிருந்தது.

"இடது காலக் கீழ வைங்க. வலது காலால மட்டும் மிதிங்க அக்கா."

முன்பாதம் அழுந்தியது. அடுத்து குதிகாலை அழுத்தி விரல்களைத் தூக்க வேண்டும். அங்கேதான் கால் நின்றுபோனது. சக்கரம் பின்பக்கமாகத் திரும்ப, நூல் அறுந்தது. மறுபடி கோத்தார், மறுபடி அறுந்தது.

"புதுசா தையல் கத்துக்க வர்றவங்கள என்னக்கா செய்யச் சொல்வீங்க?"

அவருக்குப் புரிந்துவிட்டது. முறைத்தார். "நூலில்லாம பேப்பர்ல ஓட்டச் சொல்லுவேன். எத்தினி பொண்ணுங்களுக்கு நான் பேப்பர் குடுத்திருக்கேன் தெரியுமா? எனக்கே பேப்பரா?"

"ஆமாங்க்கா. இன்னிக்கு நான்தான் டீச்சர்."

"காலு டாக்டருக்குத் திமிரப் பாரு!" என்றார். பழைய காலண்டர் தாளைக் கிழித்துக்கொண்டு வந்தவரும் அவரேதான்.

தினமும் கொஞ்சம் கொஞ்சமாக ஓட்டினார். முதலில் ஊசி போட்ட ஓட்டைகள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து தாள் கிழிந்தது. வாரங்கள் போகப் போக ஓட்டைகள் வரிசைக்கு வந்தன. ஒரு நாள், "காலெல்லாம் எறும்பு ஊறுதும்மா" என்று பயந்தபடி வந்தார். நான் கைதட்டினேன். "நான் செத்துட்டு இருக்கேன், நீ கை தட்டுற!" மரத்த இடத்தில் உணர்வு வரும்போது அப்படித்தான் ஊறும் என்று விளக்கினேன். அன்று டெக்ஸ்ட்புக்கை முழுதாக ஒப்பித்தேன். சந்தோஷமாகக் கேட்டுக்கொண்டார்.

4. சண்டை

பெருநாளுக்கு முந்தின வாரம் கடைக்குப் போனேன். வாசலிலேயே சத்தம்.

"லாத்தா, கை இவ்ளோ டைட்டா வச்சிருக்கீங்க! நான் எப்படிப் போடுறது?"

"போன அளவுக்கு நீ ஒரு சுத்து பெருத்துட்டு வந்திருக்க. அதுக்கு என் கத்திரிக்கோலு என்னடி பண்ணும்?"

"எனக்கு நேத்தே தர்றேன்னீங்களே!" இது இன்னொருத்தி.

"நேத்து கேட்டிருந்தா நேத்தே குடுத்திருப்பேன். இப்ப தள்ளி நில்லு, வெளிச்சத்த மறைக்காத."

கரண்ட் இல்லை. வலது கால் தனியாக மிதித்துக்கொண்டிருந்தது. நூல் அறாமல் ஓடியது. காலைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. என்னைப் பார்த்ததும் ஜமீலா அக்கா, "இன்னிக்கு எக்சர்சைஸ் கெடையாது. வேல ஜாஸ்தி. ஓடு ஓடு!" என்று விரட்டினார்.

கட்டை விரலின் பலம் இன்னும் முழுதாக வரவில்லை. பாதத்தின் மேல் ஒரு சிறு இடம் மரத்தே இருந்தது. அதையெல்லாம் சார்ட்டில் எழுதினேன். இந்த வேலைக்குப் புதிதாக வரும் தங்கைகளுக்கு, சார்ட்டில் எழுத இடமில்லாத ஒன்றைச் சொல்கிறேன். பேஷண்டின் காலைப் பிடித்துப் பாருங்கள். அவரோடு ஊர் எப்படிப் பேசுகிறது என்றும் காதுகொடுத்துக் கேளுங்கள். 'பாவம்' என்ற பேச்சு நின்று 'எங்க என் ஜாக்கெட்டு?' என்ற சண்டை ஆரம்பித்துவிட்டதா? தைரியமாக டிஸ்சார்ஜ் எழுதலாம்.