நான் இல்லாத நாடகத்தில் என் குரல்

பேய், ஆவி, அமானுஷ்யம் எதையும் நான் நம்புகிறவன் இல்லை. திருவண்ணாமலைக்காரன் இப்படிச் சொன்னால் ஊரிலேயே சிரிப்பார்கள். எங்கள் ஊரில் டீக்கடைக்காரர் முதல் லாட்ஜ் மேனேஜர் வரை ஆளுக்கு ஒரு சித்தரையாவது பார்த்திருப்பார்கள். மலை சுற்றும்போது முன்னால் நடந்துபோனார், கண்ணை மூடித் திறப்பதற்குள் காணோம் என்பார்கள். சந்தில் திரும்பிப் போயிருப்பார் என்பேன் நான். அரசாங்க ஆபீஸில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவன், இல்லாததை இருக்கிறது என்று சொல்லிப் பழக்கமில்லை. இதை நீங்கள் நம்பினாலும் சரி, நம்பாவிட்டாலும் சரி, நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுகிறேன்.

எழுபதுகளின் கடைசி. நான் கல்லூரியில் வரலாறு படித்துக்கொண்டிருந்தேன். பொங்கல் முடிந்ததும் எங்கள் கல்லூரியில் நாடக விழா. தினம் ஒரு துறையின் நாடகம், சாயங்காலம் தொடங்கி இருட்டுவதற்குள் முடிந்துவிடும். டிவி எட்டிப்பார்க்காத காலம் என்பதால் கடைத்தெருவே வந்து உட்கார்ந்திருக்கும். ஆசிரமத்துப் பக்கம் வாடகைக்கு இருந்த வெள்ளைக்காரர்கள் சிலர்கூட வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்து, புரியாத வசனத்துக்கெல்லாம் தலையாட்டுவார்கள்.

எங்கள் துறை நாடகத்தை எழுதி நடத்தியவர் சம்பந்தம் சார். ஒரு பாளையக்காரரின் கதை. உயரம், மீசை, கம்பீரம் எல்லாம் பார்த்து என் நண்பன் ஏழுமலையைப் பாளையக்காரராகப் போட்டுவிட்டார். ஏழுமலைக்குத் திக்குவாய் என்று ஒத்திகையில் அவன் வாயைத் திறந்த பிறகுதான் சாருக்குத் தெரிந்தது. எங்களுக்குத் தெரியும், ஆனால் யாரும் சொல்லவில்லை. அவன் வகுப்பில் பேசியே சார் பார்த்ததில்லை, பெயர் கூப்பிட்டால் கையை மட்டும் தூக்குவான்.

அதற்கு ஒரு வழி தற்செயலாகக் கிடைத்தது. நான்தான் பிராம்ப்டர், அதாவது மேடையின் இடது பக்கத் திரைக்குப் பின்னால் நின்று வசனத்தை மெதுவாக எடுத்துக் கொடுக்கிறவன். மற்றவர்களுக்கு மறந்தால் முதல் வார்த்தை கொடுத்தால் போதும். ஏழுமலைக்கு மட்டும் முழு வசனத்தையும் நான் கூடவே சொல்லிக்கொண்டு போனால், என் குரலைப் பிடித்துக்கொண்டு அவனும் வந்துவிடுவான், ஒரு இடத்திலும் திக்காது. சாருக்கே ஆச்சரியம். குரலை மாற்றிப் பார்த்தோம், இன்னொருத்தன் சொல்லிக் கொடுத்தால் வரவில்லை. என் குரல்தான் வேண்டும்.

கல்லூரி முழுக்க விஷயம் பரவிவிட்டது. மற்ற துறைப் பையன்கள் அவன் திக்குவதைப் பார்த்துச் சிரிப்பதற்கென்றே வரப்போகிறார்கள் என்று எல்லோருக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். முந்தின நாள் என்னிடம் ஒரு வார்த்தைக்கு மூன்று முறை முயன்று சொன்னான்.

"எங்கப்பா வர்றாருடா. நான் மட்டும் அங்க திக்கிட்டேன்னா, காலேஜ விட்டுட்டுப் போயிடுவேன். அப்புறம் யார்கிட்டயும் வாயத் தொறக்க மாட்டேன்."

சும்மா சொல்லவில்லை, செய்கிறவன்தான்.

நாடகத்தன்று காலையில், அப்போது எங்கள் குடும்பம் இருந்த கீழ்பென்னாத்தூரிலிருந்து ஆள் வந்தது. என் அக்காவைப் பெண் பார்க்க வருகிறார்கள், உடனே வீட்டுக்கு வரவும் என்று அப்பா சொல்லியனுப்பியிருந்தார். மத்தியானத்துக்குள் திரும்பிவிடலாம் என்று ஓடினேன். வசனப் பிரதி என் பையிலேயே இருந்தது, அது ஒன்றுதான் பிரதி. மாப்பிள்ளை வீட்டார் சாவகாசமாக வந்து, சாவகாசமாக பஜ்ஜி சாப்பிட்டு, அதைவிடச் சாவகாசமாகக் கிளம்பினார்கள். நான் ஏறிய பஸ் ஏரிக்கரையில் பஞ்சர், மாற்றுச் சக்கரத்திலும் காற்று இல்லை. டிரைவர் இறங்கி பீடி பற்றவைத்துக்கொண்டார். வேர்க்கடலை மூட்டை ஏற்றிய லாரி ஒன்றை மறித்து, மூட்டை மேல் உட்கார்ந்து வந்தேன். வழியெல்லாம் மலை தெரிந்துகொண்டே இருந்தது, கிட்டத்தில் வருகிற மாதிரியே இல்லை. பொழுது இறங்க இறங்க எனக்கு அழுகையே வந்துவிட்டது. வாய் மட்டும் ஏழுமலையின் வசனங்களை முணுமுணுத்துக்கொண்டே இருந்தது.

நான் கல்லூரிக்குள் ஓடும்போது கைதட்டல் கேட்டது. திரை இறங்கி ஜனங்கள் எழுந்துவிட்டார்கள். தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு மேடைக்குப் பின்பக்கம் போனேன்.

எதிரே வந்த சம்பந்தம் சார் என்னைப் பார்த்து முகம் சுளித்தார்.

"நல்லாதான் பண்ணப்பா. ஆனா கடைசி சீன்ல சத்தம் கொஞ்சம் ஜாஸ்தி. முன் வரிசையில உட்கார்ந்திருந்த எனக்கே நீ எடுத்துக் குடுக்கறது கேட்டுது."

கிண்டல் செய்கிறார் என்றுதான் நினைத்தேன். "சார், நான் இப்பதான் வர்றேன்" என்று சொல்ல வாயெடுத்தேன், அவர் போய்விட்டார். திரை இழுக்கும் முருகேசன் என் வகுப்புத் தோழன், நாடகம் முழுக்க எனக்கு இரண்டு அடி தள்ளி நிற்க வேண்டியவன். அவனைப் பிடித்து, "எனக்குப் பதிலா யாருடா நின்னது?" என்று கேட்டேன்.

"இன்னாடா ஒளர்ற? நீதான் நின்ன. திரைய எறக்குடான்னு தோள்ல கூட தட்டினியே."

"என் மூஞ்சியப் பார்த்தியா?"

"திரைக்குப் பின்னால இருட்டுல மூஞ்சிய எவன் பார்த்தான்? குரல் கேட்டுதே, போதாதா?"

அதுதான் சங்கதி. பிராம்ப்டரை யாரும் பார்ப்பதில்லை. மேடையில் இருக்கிறவன் திரும்பிப் பார்க்கக் கூடாது, திரை இழுக்கிறவன் மேடையைத்தான் பார்ப்பான். எல்லோருக்கும் குரல் மட்டும்தான். வேறு யாராவது என் மாதிரி பேசியிருப்பானோ என்று நானும் யோசித்தேன். பிரதி என் பையில், லாரி மேல் என் மடியில் இருந்தது. அதைப் பார்க்காமல் முழு நாடகத்தையும் எவன் சொல்வான்?

அப்போதுதான் ஏழுமலையைப் பார்த்தேன். தலைப்பாகையைக்கூட எடுக்காமல், நாடக உடையோடு அவன் அப்பாவிடம் பேசிக்கொண்டிருந்தான். மடை திறந்த மாதிரி பேசினான். எப்படிப் பயந்தான், எந்த இடத்தில் ஜனங்கள் கைதட்டினார்கள் என்று ஒரு இடத்தில் நிற்காமல், திக்காமல் சொல்லிக்கொண்டிருந்தான். அவன் அப்பா மகன் பேசுவதை அன்றுதான் கேட்கிறவர் போல, துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டே நின்றார். என்னைப் பார்த்ததும் ஏழுமலை ஓடி வந்து கட்டிக்கொண்டான்.

"நீ இல்லன்னா நான் செத்தேன் மச்சான்."

நான் அங்கே இல்லை என்று எப்படிச் சொல்வேன்? சொன்னால் அந்த நாக்கு மறுபடி கட்டிக்கொள்ளுமோ என்று பயமாக இருந்தது. "நல்லா பண்ணடா" என்று மட்டும் சொன்னேன். அன்று சொல்லாதது பிறகு சொல்லவே முடியாமல் போய்விட்டது.

ஏழுமலை பி.எட். படித்து வாத்தியார் ஆனான். ஆம், பேசிப் பிழைக்கிற வேலை. எண்பதுகளில் ஒரு நாள் பஸ் ஸ்டாண்டில் பார்த்தபோது, "கிளாஸ்ல எப்படிடா சமாளிக்கிற?" என்று சாதாரணமாகக் கேட்டேன்.

"அதான் நீ எடுத்துக் குடுக்கறியே" என்று சிரித்தான். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் முன்னால் இடது காதுப் பக்கம் என் குரல் கேட்குமாம், அதைப் பிடித்துக்கொண்டு போய்விடுவானாம். பழக்கத்தில் வருகிற பிரமை என்று நினைத்துக்கொண்டேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கப் பார்க்கிறேன்.

அவன் தலைமையாசிரியராக ஓய்வு பெற்ற விழாவுக்குப் போயிருந்தேன். முன் வரிசையில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நன்றாகத்தான் பேசினான். ஆனால் இரண்டு மூன்று இடத்தில் நிறுத்தி, தலையைச் சாய்த்து, எதற்கோ காத்திருந்து பேசினான். மாலையோடு இறங்கி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, முகத்தை உற்றுப் பார்த்தான்.

"உடம்பு கிடம்பு சரியில்லையா மச்சான்? கொஞ்ச நாளா உன் குரல் ரொம்பக் கம்மியா கேக்குது."

"லேசா ஜலதோஷம்" என்றேன்.

டாக்டரிடம் காட்டினேன், உடம்பில் ஒரு குறையும் இல்லை. ஆனால் ஏழுமலை போன் செய்யும்போதெல்லாம் எடுப்பதற்கு முன் தொண்டையைச் செருமிக்கொள்கிறேன். எடுத்ததும் அவன் முதல் வார்த்தை முழுதாக வருகிறதா என்றுதான் கேட்கிறேன். போன வாரம் என் பெயரைச் சொல்லவே அவன் இரண்டு முறை திக்கினான்.