கப்பலேறிய ஆஃப் பாட்டில்

குடியை விட்டுவிட்டீர்களாமே என்று யாராவது கேட்டால் செபாஸ்டியனுக்குக் கோபம் வந்துவிடும். "வுட்டுட்டேன்னு யாரு சொன்னது? இன்னும் ஆரம்பிக்கல, அவ்வளோதான்" என்பார்.

அதற்கு ஒரு கதை உண்டு. விருத்தாசலத்தில் ஜாடியும் பொம்மையும் சுடுகிற ஒரு பீங்கான் கம்பெனியில் அவருக்குச் சூளை வேலை. இன்னும் சுடாத பச்சை ஜாடிகளை உள்ளே அடுக்குவதும், வெந்ததும் சூடு ஆறுவதற்குள் இறங்கி வெளியே எடுப்பதும். உடம்புச் சூட்டுக்கு என்று சொல்லிக்கொண்டு சூளைக்காரர்கள் சாயங்காலம் குடிப்பார்கள். பிராந்தி குடித்தால் சூடு எப்படித் தணியும் என்று கேட்க அங்கே ஒருவருக்கும் தோன்றியதில்லை. கேட்டால் அப்புறம் குடிக்க முடியாதே! ஆனால் தவக்காலம் வந்துவிட்டால் கோயிலுக்குப் போகிற கிறிஸ்தவ ஆட்கள் நாற்பது நாளும் வாய் வைக்க மாட்டார்கள். ஈஸ்டர் அன்று கறிச்சோற்றோடு, விட்ட இடத்திலிருந்து தொடங்குவார்கள்.

ஒரு வருஷம் ஈஸ்டரும் வந்தது, கறியும் கொதித்தது. கூடவே வேலை பார்க்கும் பக்கிரி, தான் ஒரு நாளும் விரதமிருக்காத குறையைத் தீர்க்கப் பாட்டிலோடு வந்து நின்றான். செபாஸ்டியன் என்ன நினைத்தாரோ, "நாளைக்குப் பாத்துக்கலாம்டா" என்றார். அந்த 'நாளை' ஐந்தாறு வருஷமாக வரவேயில்லை. அவர் சத்தியம் எதுவும் செய்யவில்லை, சாமியாரிடம் போய்ச் சொல்லவும் இல்லை. சொன்னால் எங்கே உடைந்துவிடுமோ என்று உள்ளூரப் பயம். மனைவி விமலாராணியும் அதைப்பற்றிப் பேச்செடுக்காமல், சூடு தணிய வழியாகச் சனிக்கிழமை தவறாமல் மிளகு போட்டுக் காய்ச்சிய நல்லெண்ணெயைத் தலையில் வைத்துத் தேய்த்துக் குளிக்கவைத்தாள்.

அவர்கள் மகன் டோமினிக் திருச்சியில் கேட்டரிங் படித்துவிட்டு உல்லாசக் கப்பல் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தான். பயணிகள் ஏறும் வாசலில் மூட்டை முடிச்சுகளைக் கவனிக்கிற வேலை. இரண்டாயிரத்து ஆறாம் வருஷக் கடைசியில் அந்தக் கப்பல் கொச்சியிலிருந்து கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் போய்வர ஆரம்பித்தபோது, வேலைக்காரர்கள் தங்கள் தாய் தகப்பனை ஒரு தடவை இலவசமாக அழைத்துப் போகலாம் என்று சலுகை கொடுத்தார்கள். டோமினிக் உடனே போன் போட்டான். தண்ணி ஒத்துக்கொள்ளாமல் முடி கொட்டுகிறது என்று அம்மாவிடம் அழுதுவிட்டு, அப்பாவைக் கூப்பிடச் சொன்னான்.

"அப்பா, எது வேணும்னாலும் எடுத்தாங்க. பிராந்தி, பீர் மட்டும் வேணாம். மத்த பயணிங்க கொண்டாந்தா புடுங்கிச் சீட்டு ஒட்டி வச்சிருந்து, எறங்குற அன்னிக்குத் திருப்பிக் குடுத்துருவாங்க. எங்க வூட்டு ஆளுங்க கொண்டாந்தா அப்டி இல்ல, எங்க வேலையே போயிடும். போன டிரிப்புல ஒருத்தன் தகப்பனாரு ஒரு குவார்ட்டர் கொண்டாந்தாரு. அந்தப் பையனக் கொழும்புலயே எறக்கி வுட்டுட்டாங்க."

"எங்கிட்ட எதுக்குடா இத சொல்ற?"

"சும்மாதாம்ப்பா. எல்லாருக்கும் சொல்றதுதான்."

அந்தச் 'சும்மா' செபாஸ்டியனுக்குச் சுருக்கென்று தைத்தது. பையன் சொன்னதில் தப்பில்லை என்று தெரிந்ததால் இன்னும் கொஞ்சம் தைத்தது.

புறப்பட்ட அன்று ரயில் ஜங்ஷனுக்கு வழியனுப்பப் பக்கிரி வந்திருந்தான், இடுப்பில் எதையோ செருகிக்கொண்டு. விமலாராணி தண்ணீர் பிடிக்கப் போன நேரம் பார்த்து வேட்டி மடிப்பை விலக்கிக் காட்டினான்.

"கப்பல்ல ஒரு பெக்கு ஆனை வெல குதிரை வெலயாம் செபாஸ்டியா. இத வச்சிக்க. கடலப் பாத்துக்கிட்டு ஒரு வாய் போட்டா தப்பில்ல."

"எடுத்துட்டுப் போடா. எம்புள்ள பொழப்புல மண்ணப் போடாத."

பக்கிரி முகம் வாடிப்போனாலும், ரயில் வந்ததும் ஓடிப்போய் அவனேதான் பைகளை ஏற்றி சீட்டுக்கடியில் தள்ளினான். வண்டி நகர்ந்தபோது ஜன்னலில் எட்டிப் பார்த்து ஒரு மாதிரி சிரித்தான். அது என்ன சிரிப்பு என்று செபாஸ்டியன் அப்போது யோசிக்கவில்லை.

கொச்சித் துறைமுகத்தில் கப்பலைப் பார்த்தபோது, நம்ம ஊர் கோபுரத்தைப் படுக்கப் போட்டாலும் இதற்குப் பக்கத்தில் நிற்காது என்று அவருக்குத் தோன்றியது. வாசலில் பெண்களைச் சோதிக்கத் தனித் தடுப்பு இருந்தது. விமலாராணி தன் முறுக்குப் பையோடு அங்கே போனாள். செபாஸ்டியன் தன் பையோடு ஆண்கள் வரிசையில் நின்றார். எதிரே, பைகள் ஊர்ந்து போகும் இயந்திரத்தின் பக்கத்தில், வெள்ளைச் சட்டையும் தொப்பியுமாக அவர் மகன். என்ன அழகாயிருக்கான்! வாய்விட்டுக் கூப்பிடத் துடித்தது. ஆனால் டோமினிக் வேலை நேரத்தில் இருந்ததால் கண்ணாலேயே சிரித்தான்.

இவருக்கு முன்னால் நின்ற பம்பாய்க்காரர் ஒருவரின் பையிலிருந்து பெரிய ஷாம்பு பாட்டிலை எடுத்தார்கள். நேபாளத்துக்காரரான அதிகாரி மூடியைத் திறந்து ஒரே ஒரு தரம் மோந்தார். உள்ளே இருந்தது விஸ்கி. பம்பாய்க்காரர் அசடு வழிய, பாட்டிலில் சீட்டு ஒட்டி அலமாரியில் வைத்தார்கள். 'அடேங்கப்பா, எப்படியெல்லாம் ஒளிக்கிறானுங்க' என்று செபாஸ்டியன் மனசுக்குள் ரசித்துக்கொண்டிருக்கும்போதே அவருடைய பை உள்ளே போனது.

இயந்திரம் நின்றது.

அதிகாரி திரையைக் காட்டி டோமினிக்கிடம் ஏதோ கேட்டார். டோமினிக் திரையைப் பார்த்தான். பிறகு அப்பாவைப் பார்த்தான். அந்த முகம் செபாஸ்டியனுக்குப் பழக்கமானது. சின்ன வயதில் கோயிலில் முதல் நற்கருணையான புதுநன்மை வாங்கிய அன்று, வெள்ளைச் சட்டையும் கையில் மெழுகுவர்த்தியுமாக நின்ற பையன், முன்வரிசையில் அப்பா குறட்டை விட்டுத் தூங்குவதைத் திரும்பிப் பார்த்தானே, அதே முகம். அதிகாரி பைக்குள் கையை விட்டார். துண்டில் சுற்றி, செபாஸ்டியனின் வேட்டிக்குள் பொதிந்து வைத்திருந்த ஒரு ஆஃப் பாட்டில் வெளியே வந்தது. பிராந்தி லேபிள் பளிச்சென்று இருந்தது, உள்ளே கழுத்துவரை பழுப்பு நிறம்.

செபாஸ்டியனுக்கு ரயிலடி ஞாபகம் வந்தது. பக்கிரி! சீட்டுக்கடியில் பையைத் தள்ளினானே, சிரித்தானே! அவனாகத்தான் இருக்கும். அப்படி நினைத்த அடுத்த கணமே இன்னொரு நினைப்பு வந்து அவரை ஆட்டியது. நானே எடுத்து வைத்திருப்பேனோ? முன்னாட்களில் அப்படித்தானே, கை வைத்தது தெரியாது, குடித்தது தெரியாது. அதெல்லாம் யோசிக்க இப்போது நேரமில்லை. பையன் வேலை போகப் போகிறது. பெற்றவன் குடியால் அவன் தலைகுனிந்தது ஒரு தரம் போதும். வரிசையை விட்டுக் கையெடுத்துக் கும்பிட்டபடி முன்னால் போனார்.

"சார், மை பாட்டில். மை சன் நத்திங் சார். அவனுக்கு ஒண்ணும் தெரியாது. வேணாம்னுதான் சொன்னான். நான்தான் சார் எடுத்தாந்தேன். என்னய எறக்கி வுட்டுருங்க, அவன ஒண்ணும் பண்ணிடாதீங்க."

அதிகாரிக்குப் பாதி புரிந்தது. மூடியைத் திருகித் திறந்து மோந்தார். புருவத்தைச் சுருக்கினார். மறுபடி மோந்தார். பிறகு பாட்டிலைச் சாய்த்து உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு விரலால் தேய்த்துப் பார்த்தார். அந்த நேரம் பார்த்துப் பெண்கள் தடுப்பிலிருந்து வெளியே வந்த விமலாராணி, பதறிக்கொண்டு ஓடி வந்தாள்.

"ஐயய்யோ, அத ஏன் கொட்டுறாங்க? டோமினிக்கு, அது ஒந்தலைக்குடா! மொளகு போட்டுக் காச்சின நல்லெண்ண!"

டோமினிக் சிரித்தான். சிரித்துக்கொண்டே தொப்பியைக் கழற்றி முகத்தைத் துடைத்தான். கண்ணையும் சேர்த்துத்தான் துடைத்தான்.

"அத எதுக்கும்மா பிராந்தி பாட்டில்ல ஊத்துன?"

"வேற எதுல ஊத்துறது? பிளாஸ்டிக்குல ஊத்துனா வழி பூரா ஒழுவும். இந்த மூடிதான் டைட்டா இருக்குது. ஒங்கப்பா புண்ணியத்துல வூட்ல பழைய பாட்டிலுக்கா பஞ்சம்?"

உலகத்தார் ஷாம்பு பாட்டிலில் விஸ்கியை ஒளிக்கிறார்கள். விமலாராணி பிராந்தி பாட்டிலில் எண்ணெயை ஊற்றி, உடையக் கூடாதே என்று புருஷன் வேட்டிக்குள் பத்திரமாகச் சுற்றி அனுப்புகிறாள். மூடி நன்றாக இருக்கிற பாட்டிலைத் தூக்கிப்போட எங்கள் பக்கத்துப் பெண்களுக்கு மனசு வராது. டோமினிக் விஷயத்தை விளக்கியதும் அதிகாரி சத்தமாகச் சிரித்து, கையில் மிச்சமிருந்த எண்ணெயைத் தன் மீசையில் தடவிக்கொண்டார். லேபிளை மட்டும் கிழித்துவிட்டுப் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தார். செபாஸ்டியனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. பக்கத்தில் இருந்த யாருடைய பெட்டி மேலோ அப்படியே உட்கார்ந்துவிட்டார். பாவம் பக்கிரி, சும்மா சிரித்தவனை வீணாக மனசுக்குள் திட்டிவிட்டோமே என்று அதற்கும் ஒரு சிரிப்பு வந்தது.

கப்பல் கரையை விட்டு விலகிய பிறகு, ஓய்வு கிடைத்ததும் டோமினிக் அவர்கள் அறைக்கு வந்தான். விமலாராணி அவனைத் தரையில் உட்காரவைத்துப் பாட்டிலை எடுத்தாள்.

"இங்க குடு" என்று செபாஸ்டியன் வாங்கிக்கொண்டார். அந்த மாதிரி பாட்டிலின் கழுத்தைப் பிடித்து எத்தனையோ காலமாயிற்று. உள்ளங்கையில் ஊற்றி மகன் உச்சந்தலையில் வைத்து, சூளையில் காய்த்துப்போன விரல்களால் அழுத்தித் தேய்த்தார்.

டோமினிக் குனிந்தபடியே கேட்டான். "ஒங்களோடது இல்லன்னு தெரிஞ்சும் ஏம்ப்பா ஒங்களோடதுன்னு சொன்னீங்க?"

"பின்ன, ஒன்னோடதுன்னா சொல்ல முடியும்?"



"அப்பா, அந்தப் பாட்டிலப் பாத்ததும் எனக்கு ஒங்க மேல சந்தேகம் வந்துடுச்சுப்பா. மன்னிச்சுக்குங்க."

செபாஸ்டியன் இன்னும் கொஞ்சம் எண்ணெயை ஊற்றினார்.

"எனக்கே வந்துச்சு. ஒனக்கு வராதா? தலைய ஆட்டாம உக்காரு, கண்ணுல எறங்கிடப் போவுது."