அண்ணனுக்கு அலை சொன்ன வாரம்

என் அண்ணனுக்குக் கடலில் வேலை என்று சொன்னால், போடிநாயக்கனூரில் இருப்பவர்கள் மீன் பிடிக்கிறானா, கப்பலில் போகிறானா என்று கேட்பார்கள். இரண்டும் இல்லை. கேரளாவில் வர்க்கலைக்குத் தெற்கே ஒரு சின்னக் கடற்கரையில், பலகைமேல் நின்றபடி துடுப்புப் போட்டு அலையேறக் கற்றுக்கொடுப்பது அவன் வேலை. பலகை கட்டிலைவிட நீளமாக இருக்கும். துடுப்பு ஆளுயரத்துக்கு மேல். அலை வரும்போது துடுப்பை வேகமாகப் போட்டு அதன் முதுகில் ஏறிக்கொண்டால், கரைவரை அதுவே இழுத்துக்கொண்டு வந்துவிடும். அம்மாவுக்கு இதை எத்தனை முறை சொன்னாலும், "இதுக்கெல்லாமா சம்பளம் குடுக்காங்க" என்றுதான் கேட்பாள்.

எங்கள் வீட்டில் எல்லோரும் ஏலக்காய்த் தோட்டத்துக் கூலி வேலைக்கு ஜீப்பில் ஏறிப் போனவர்கள். அண்ணனும் பள்ளிக்கூடத்தை விட்டதும் போடிமெட்டுக்கு மேலே ஒரு தோட்டத்தில் பச்சைக்காய் மூட்டை சுமந்தான். அங்கே பழக்கமான மலையாளி ஒருவர் வர்க்கலைப் பக்கம் ஒரு லாட்ஜில் சமையல்கட்டு வேலைக்குச் சேர்த்துவிட்டார். பக்கத்து ஊரான சிலமலையில் கிணற்றில் நீந்தியதைத் தவிர அவனுக்குத் தண்ணீர்ப் பழக்கம் கிடையாது. ஆனால் பலகைமேல் ஏறி நின்ற முதல் நாளே விழாமல் நின்றானாம். "மழைக்குள்ள மூட்டையத் தூக்கிட்டு அந்தச் சரிவுல எறங்கியிருக்கேன், இதுல நிக்க முடியாதா" என்று போனில் சொன்னான். சில வருடங்களில் சமையல்கட்டை விட்டுவிட்டு, பலகை வாடகைக்கு விடுகிறவரிடமே வேலைக்குச் சேர்ந்துவிட்டான்.

ஒரு பொங்கலுக்கு வந்திருந்தபோதுதான் வித்தியாசமாக ஏதோ பட்டது. பட்டப்பகலில் வாசலில் இருந்த குடத்தில் முட்டிக்கொண்டான். மறுநாள் பக்கத்து வீட்டுப் பையன்மேல் மோதி, இருவரும் விழுந்தார்கள். இருட்டிவிட்டால் சுவரைத் தடவிக்கொண்டு நடந்தான். அம்மா அவன் குடிக்கப் பழகிவிட்டான் என்றே முடிவு கட்டினாள். பந்தியில் எல்லோர் முன்னாலும் திட்டினாள். அவன் சாப்பிட்டு எழுந்தான். அடுத்த வாரம் நான்தான் வற்புறுத்தி மதுரைக் கண்ணாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். அம்மாவும் வந்தாள்.

கண்ணுக்குள்ளே உள்ள திரை ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துக்கொண்டு வருகிறது என்றார் டாக்டர். ஒரு குழாய் வழியாகப் பார்ப்பதுபோல் இப்போது நடுவில் மட்டும் தெரிகிறது; அந்தக் குழாயும் சுருங்கும்; நிறுத்த மருந்தில்லை. பிறகு அம்மாவிடம், "நீங்களும் உங்க வீட்டுக்காரரும் சொந்தத்துல கட்டுனவங்களா?" என்று கேட்டார்.

"எங்க மாமன் மகன்தான் சார்" என்றாள் அம்மா.

அதனாலும் வந்திருக்கலாம் என்று மட்டும் சொன்னார். ஊர் திரும்பும்வரை அம்மா பஸ்சில் அழுதுகொண்டே வந்தாள். அவனைக் குடிகாரன் என்று திட்டியதற்காக அழுதாளா, அந்தக் கேள்விக்காக அழுதாளா என்று எனக்குத் தெரியாது. முந்தானை முழுக்க நனைந்திருந்தது.

அண்ணன் யார் சொல்லையும் கேட்காமல் கடலுக்கே திரும்பிப் போனான். ஒரு வருடம் கழித்து, பலகைக்காரர் என் போனுக்குக் கூப்பிட்டார். தண்ணீரில் பக்கத்தில் நீந்தியவர்மேல் அண்ணனின் பலகை மோதிவிட்டதாம். பெரிய காயமில்லை. ஆனால் இனிமேல் கற்றுக்கொடுக்க அனுப்ப முடியாது, யாராவது வந்து கூட்டிப்போனால் நல்லது என்றார். அவர் குரலில் கோபம் இல்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. நான் வேலை பார்க்கும் ஏலக்காய்க் கடையில் லீவு சொல்லிவிட்டு, மகளை அம்மாவிடம் விட்டுவிட்டுக் கிளம்பினேன்.

அண்ணன் மறுக்கவில்லை. "வர்றேன் ஆத்தா. ஒரு வாரம் மட்டும் இரு" என்றான். தங்கைதான் என்றாலும் என்னை ஆத்தா என்றுதான் கூப்பிடுவான். "அந்தப் பாறப் பக்கத்து அலையில ஒருக்கா ஏறிட்டு வந்துர்றேன்."

மற்ற இடங்களில் அலை தூரத்திலேயே மேடாகத் தெரிந்து நிதானமாக வரும். பாறைப் பக்கம் அப்படியில்லை. அடியில் தரை திடீரென்று மேடாவதால், வருவதே தெரியாத அலை அங்கே சட்டென்று சுவர்போல நிமிர்ந்துவிடும். தோளுக்கு மேலே திரும்பிப் பார்த்து, அது எங்கே நிமிர்கிறது, எந்தப் பக்கம் உடைகிறது என்று கண்டுபிடித்துத் துடுப்புப் போட வேண்டும். முந்திக்கொண்டால் அலை காலுக்கடியில் நழுவிப் போய்விடும். பிந்தினால் பலகையின் மூக்கு தண்ணீருக்குள் குத்தி ஆளைத் தூக்கி எறியும். ஏறியதும் உடனே மணல் பக்கம் திருப்ப வேண்டும், திருப்பாவிட்டால் பாறைதான்.

"திரும்பிப் பாத்தா ஒரு துண்டு தண்ணி தெரியுது, ஒரு துண்டு வானம் தெரியுது. அலை எங்கன்னு தேடுறதுக்குள்ள அது போயிருது" என்றான்.

"நான் பாத்துச் சொன்னா?"

சிரித்தான். "ஒனக்கு நீச்சலே தெரியாதே."

மிதவைச் சட்டை இருக்கிறதே என்றேன். பிறகு எழுந்து போய், இருப்பதிலேயே பெரிய பலகையை எடுத்து வைத்தான்.

பலகையின் முன்பக்கம் நான் அவனைப் பார்த்தபடி உட்கார வேண்டும். அவன் கரையைப் பார்த்து நிற்பான். நான் அவனுக்குப் பின்னால் வரும் கடலைப் பார்ப்பேன். அலை பலகையைத் தூக்கும்போது நான் சடக்கென்று அவன் காலடிக்கு நகர்ந்து முழங்காலைப் பிடித்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் என் பாரத்திலேயே மூக்குக் குத்திவிடும்.

முதல் இரண்டு நாள் சின்ன அலைகளில் பழகினோம். பழகினோம் என்பதைவிட விழுந்தோம் என்பதே சரி. உப்புத் தண்ணீர் மூக்கில் ஏறித் தலை வலித்தது. நான் இடது என்றால் அது அவனுக்கு வலது. அதற்கே பெரிய சண்டை வந்தது. "நீ கடைக்கே போயி ஏலக்காயச் சலி" என்று கத்தினான். கரையில் ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்துவிட்டு, பிறகு நானே போய் இடது வலது வேண்டாம், பாறைப் பக்கம், மணல் பக்கம் என்று சொல்கிறேன் என்றேன். அதற்கப்புறம் தடுமாற்றம் இல்லை. "தூரத்துல ஒண்ணு", "வருது", "நிமிருது", "போடு" என்ற நாலு சொல்லில் எங்கள் பேச்சு அடங்கியது.

வாரக் கடைசியில் ஒரு காலை, காற்று இல்லாமல் கடல் வழவழவென்று கிடந்தது. பலகைக்காரர் துணைக்கு இன்னொரு பலகையில் வந்தார். பாறை கிட்டத்தில் கருப்பாக நின்றது. முதலில் வந்த அலைக்கு நான் முந்திச் சொல்லிவிட்டேன். அது அடியில் நழுவிப் போனது. அடுத்ததைப் பார்த்துப் பயந்து, சொல்லாமலே விட்டுவிட்டேன். அவன் திட்டவில்லை. "பயப்படாத ஆத்தா. பாக்குறத மட்டும் சொல்லு" என்றான்.

பிறகு ஒன்று வந்தது. தண்ணீர்மேல் ஒரு நிழல்போலத்தான் முதலில் தெரிந்தது. "வருது" என்றேன். அவன் முழங்காலை மடித்தான். "நிமிருது. மணல் பக்கம் சாயுது. போடு" என்றேன். அவன் துடுப்பைப் போட்ட வேகத்தில் பலகை நடுங்கியது. நான் நகர்ந்து அவன் காலைப் பிடித்தேன். அவன் தலைக்கு மேலே பச்சையாக ஒரு சுவர் எழுந்து நின்றது. அடுத்த நொடி நாங்கள் அதன்மேல் சரிந்து இறங்கிக்கொண்டிருந்தோம். ஒரு காலைப் பின்னே வைத்துப் பலகையை வளைத்தான். பாறை என் முதுகுப்பக்கம் விலகிப் போனதை ஓசையில் தெரிந்துகொண்டேன். நான் பார்த்தது அவன் முகத்தைத்தான். மதுரைக்குப் போய்வந்த நாளுக்குப் பிறகு அவன் முகத்தை அப்படி நான் பார்க்கவில்லை. வாய் லேசாகத் திறந்திருந்தது. எங்கள் வீட்டில் யாருக்கும் அமையாத ஒரு நிம்மதி அவனுக்கு அங்கே இருந்தது. அதிலிருந்து பிரித்துக் கூட்டிப்போகவே நான் வந்திருந்தேன்.

"இன்னொண்ணு" என்றான். நானும் சரி என்றேன்.

அந்த அலையைச் சரியாகத்தான் சொன்னேன். நகர்வதில் பிந்திவிட்டேன். பலகையின் மூக்கு குத்தியது, தண்ணீருக்குள் உருண்டேன். சட்டை என்னை மேலே தூக்கிவிட்டது. கண்ணைத் துடைத்துப் பார்த்தபோது அண்ணன் கை நீட்டினால் தொடும் தூரத்தில் இருந்தான். அவன் தலையை இப்படியும் அப்படியும் திருப்பிக்கொண்டு, "ஆத்தா, ஆத்தா" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்தபடியே பார்வை என்னைக் கடந்து போனது. மறுபடியும் வந்தது, மறுபடியும் கடந்தது. எனக்கு இருமல், குரல் வரவில்லை. அந்த நேரத்தில் அவன் முகத்தில் இருந்த பயத்தை என்னால் எழுத முடியாது. நான் அவன் கையைப் பிடித்தேன். என் முகத்தை, தலையை, தோளைத் தடவிப் பார்த்தான்.

"இங்கதான இருந்த?"

"இங்கதான்ணே இருந்தேன்."

கரைக்கு வந்ததும் பலகையைத் துடைத்து, துடுப்பைப் பலகைக்காரரிடம் கொடுத்தான். அவர் ஏதோ சொல்ல வந்தார். அண்ணன் அவர் கையைப் பிடித்துக்கொண்டு தலையாட்டினான். என்னிடம், "போலாம்" என்றான்.

போடியில் அம்மா வாசலிலேயே நின்றிருந்தாள். அவன் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய்ச் சோறு போட்டாள். அவன் சாப்பிடும்போது, "நாங்க கட்டுனதுனாலதான் ஒனக்கு இப்பிடி ஆயிருச்சு" என்றாள்.

"விடும்மா. ரசம் ஊத்து" என்றான்.

இப்போது அவனுக்குப் பகலா, இரவா என்பது மட்டும் தெரிகிறது. காலையில் ஜீப்பு நிற்கும் இடத்துக்கு அம்மா கொண்டுபோய் விடுகிறாள். எந்த ஜீப்பு எந்தத் தோட்டத்துக்கு என்று கேட்டு வைத்துக்கொண்டு, கூவி ஆளேற்றிவிடும் சோலி. குரலை வைத்தே ஆளைச் சொல்லிவிடுவான். கடலைப் பற்றி யாராவது கேட்டால், "கொஞ்ச நாள் அங்க இருந்தேன்" என்பதோடு நிறுத்திக்கொள்வான். தனியாக இருக்கும்போது அவன் அதை நினைக்கிறானா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

போன மாதம் என் மகளின் கண்ணைக் காட்ட மதுரைக்குக் கூட்டிப்போனேன். வர வேண்டாம் என்று சொல்லியும் அண்ணன் வந்தான். பெஞ்சில் உட்கார்ந்து, எங்கள் செருப்புச் சத்தத்துக்குக் காத்திருந்தான்.

"என்ன சொன்னாங்க?"

"நல்லாருக்காம்ணே. வருசா வருசம் காட்டச் சொல்றாங்க."

சரி என்பதுபோல் தலையாட்டினான். திரும்பும்போது ரயிலில் என் மகள் அவன் மடியில் தலைவைத்துத் தூங்கிப்போனாள். போடி வரும்வரை அவள் இமைமேல் வெயில் படாமல் கையால் மறைத்துப் பிடித்திருந்தான். வெயில் எப்போதோ எதிர் ஜன்னலுக்கு மாறிப் போனதை நான் சொல்லவில்லை.